நிலுவை நடை

மருத்துவர் என் புயத்தில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றினார். அது மூன்றாவது முறை. பட்டை காற்றை நிரப்பிக்கொண்டு இறுக்கும்போதெல்லாம், இந்தத் தடவையாவது குறைந்திருக்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடிக்காதீர்கள் என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார். நூற்று ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப இருக்கிற நிலையில உங்க கிட்னியை எடுக்க முடியாது சார்."

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் தேவைப்பட்டது என் அக்காவுக்கு. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், ஐம்பத்தைந்து. ஆயத்த ஆடை ஆலையில் தர ஆய்வாளர். தைத்து வரும் சட்டைகளை மேஜைமேல் விரித்துப் போட்டு, எந்தத் தையல் விட்டுப்போயிருக்கிறது, எந்தப் பொத்தான் இரண்டு சுற்று நூலில் தொங்குகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அவள் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் முதல் வடிகட்டலிலேயே தள்ளிவிட்டார்கள். உறுப்புக்காகக் காத்திருப்போரின் பொதுப் பதிவேட்டில் அக்காவின் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தால், முறை வருவதற்குள் அவளுக்கு அறுபது தாண்டிவிடும். போதாததற்கு, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவள் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடம் ஒரு முறை அடைத்துக்கொண்டுவிட்டது. அதைத் திறந்துவிட்டார்கள், ஆனால் நீண்ட நாள் நம்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது. பொருந்தாமல் நின்றது இந்த ரத்த அழுத்தம் ஒன்றுதான்.

மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். ஒன்றைக் கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது ஒரு சிறுநீரகம். அதன்மேல் இந்த அழுத்தம் பத்து வருடம் மோதினால் நானும் ஒருநாள் இதே வார்டுக்குத்தான் வந்து சேர்வேன். அதற்கு முன்னால் இதயமே கைவிட்டாலும் விடலாம். பன்னிரண்டு வாரம் அவகாசம். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வாரத்தில் குறைந்தது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். முடிவில் டிரெட்மில்லில் ஓடவிட்டு ஒரு சோதனை. ஒரு முழு நாள் கையில் கட்டிக்கொண்டே இருக்கும் பட்டையால் இன்னொரு சோதனை. இரண்டிலும் தேறினால் மேற்கொண்டு போகலாம்.

தேறாவிட்டால் என்ன என்று கேட்டேன். கொடையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்.

நான் வேலை பார்ப்பது குடிநீர் வழங்கல் அலுவலகத்தில். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைத்தேன்: பழைய குழாய்க்குள் உப்பு படிந்து பாதை குறுகிப்போவது போலத்தானே இதுவும்? அவர் தலையை ஆட்டினார்.

"குழாய்னு பேருதான் சார். அது உயிருள்ள சதை. நீங்க நடக்கும்போது ரத்தம் வேகமா ஓடுது இல்லையா, அந்த ஓட்டம் உரசுற உரசல்ல உள்சுவர் தானா தளர்ந்து கொடுக்கும். நாள் தவறாம நடந்தா அந்தத் தளர்ச்சி அதுக்குப் பழக்கமாயிடும். இதயமும் ஒரு தசைதான், பழகப் பழக ஒரே துடிப்புல நிறைய ரத்தத்தைத் தள்ளும். உங்க இரும்புக் குழாய் இதையெல்லாம் செய்யுமா?"

"எங்க குழாய் ஒழுக மட்டும்தான் செய்யும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணினேன். எண்பத்தெட்டு. படி இறங்கிவிட்டு மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றாறு. அன்றிலிருந்து அந்த விரல் அந்த இடத்தைவிட்டு அகலவே இல்லை.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போனது. காலையில் எழுந்து, தெருவைக் கடந்து, நீர்த்தேக்கத் தொட்டியைச் சுற்றியிருக்கும் பாதைக்குப் போய்விடுவேன். ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று நிமிடம். செய்தித்தாள்களைத் தரையில் பரப்பிப் பிரிப்பவர்கள், பாதி தூக்கிய கதவுக்கடியில் குனிந்து கடைக்குள் நுழைபவர்கள், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று யோசித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் நாய் ஒன்று. ஐந்து நாள் நடந்து, ஐந்து நாளையும் சட்டைப் பைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

இரண்டாவது வாரம் அலுவலகத்துக்குத் தணிக்கைக் குழு வந்தது.

என் வேலை முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் மனுப் பிரிவில் தலைமை எழுத்தர். இணைப்பு வேண்டும், தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது என்று பொதுமக்கள் எழுதுவதையெல்லாம் படித்துப் பதில் தயாரிக்கும் இடம். மாதத்தின் கடைசி வேலை நாளில் ஒரு பட்டியல் மேலே போகும்: வந்தவை, முடித்தவை, நிலுவை. இருபத்தாறு வருடமாக என் பட்டியலின் நிலுவைக் கட்டத்தில் 'இல்லை' என்ற ஒரே சொல்தான். ஆனால் அந்த மனுக்களை அன்றன்றைக்கு முடித்துவிடுவேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தில் இருபது நாள் அவை மேஜையின் இடப்பக்கம் அடுக்கடுக்காக உயரும். இருபத்தேழாம் தேதி நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் முப்பதாம் தேதி அவ்வளவும் வலப்பக்கம் போய்விடும். அலுவலகத்தில் எனக்கு 'மாதக்கடைசி மகாராஜா' என்று பெயர். அதிகாரி பார்ப்பது கடைசிக் கட்டத்தை மட்டும்தான். மனுவும் என்னை என்றைக்கு முடித்தாய் என்று கேட்பதில்லை.

தணிக்கை வாரத்தில் ஒரு நாள்கூட நடக்கவில்லை. கோப்புகளை விட்டு எழ முடியவில்லை. சனிக்கிழமை அக்காவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, அவளுடைய ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணக்கு தானாக மனதில் வந்து விழுந்தது. ஐந்து நாள், நாளுக்கு முப்பது, ஆக நூற்றைம்பது நிமிடம் நிலுவை. நாளை ஞாயிறு. தீர்த்துவிடலாம். அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தோள் இறங்கியது.

ஞாயிறன்று பதினொன்றரைச் சுற்று நடந்தேன். நான்கு சுற்று வரை மனிதன் மாதிரி நடந்தேன். ஏழாவதில் செருப்புக்குள் கொப்புளம் உடைந்தது. ஒன்பதாவதில் எனக்கு முன்னால் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணை முந்த முடியவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் '150. நிலுவை இல்லை' என்று எழுதிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

திங்கட்கிழமை முழங்கால் மடங்கவில்லை. செவ்வாய் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கினேன். புதன்கிழமை நடந்திருக்கலாம்தான், ஆனால் இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒரு பிரஷர் பார்க்கும் இயந்திரம் வாங்கி வந்தேன். பல் துலக்குவதற்கு முன், பின், சாப்பிட்ட பின், செய்தி பார்த்த பின் என்று ஒரு நாளைக்குப் பதினொரு முறை பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது. என் மனைவி ஒருநாள் துவைத்த துணிக் கூடைக்கடியில் அதை ஒளித்து வைத்துவிட்டாள். தேடியபோது, "அதுக்கும் ஓய்வு வேணாமா? விட்டா அந்த மெஷினுக்கே பிரஷர் வந்துடும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, தினமும் கொஞ்சமாகப் போகக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். வாரக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஆறாவது வாரம் மருத்துவரிடம் போனேன். அவர் பார்வைக்கென்று ஒரு தாள் தயாரித்திருந்தேன். குறிக்கப்பட்டது தொள்ளாயிரம் நிமிடம், நடந்தது தொள்ளாயிரம் நிமிடம், நிலுவை இல்லை. வாரக் கூட்டுத்தொகை மட்டும்தான் அதில் இருந்தது. நாள்வாரி விவரம் இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. மேலே போகும் பட்டியலில் நாள்வாரி விவரம் எழுதுகிற பழக்கமே எனக்குக் கிடையாது.

நூற்று ஐம்பத்து நான்கு, தொண்ணூற்று நான்கு.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அளந்தார். இவ்வளவு நடந்தும் இறங்கவில்லை என்றால் சிலருக்கு உடம்பு வாகு அப்படி இருக்கும் என்றார். மாத்திரை தொடங்கலாம், ஆனால் நடைக்கே அசையாத பிரஷரோடு ஒரு கிட்னியை எடுப்பதை மாற்று அறுவைக் குழு ஒத்துக்கொள்ளாது. ஒன்பதாவது வாரமும் இப்படியே இருந்தால் என் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மருத்துவமனைக்கு வெளியே நின்றேன். பேருந்து வந்தது, ஏறவில்லை. அடுத்தது வந்தது, ஏறினேன். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் மட்டும் ஏதோ கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு நூற்றைம்பது போதாது என்று நூற்றெண்பதாக வைத்துக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டது. பன்னிரண்டாவது சுற்றில் மார்புக்குள் ஏதோ ஒன்று தடுமாறியது. வலி என்று சொல்ல முடியாது. படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனது போல. பிறகு வரிசையாக அப்படிப் பல. குளிர்ந்து வேர்த்தது. பாதையை விட்டு வெளியே வந்து, மூடியிருந்த பேட்டரிக் கடையின் படியில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். யாருக்காவது போன் பண்ணட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

செத்துப்போவேனோ என்ற பயம் அப்போது எனக்கு வரவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். வந்தது வேறு பயம். இது எங்காவது பதிவாகிவிட்டால் பெயர் போய்விடும். பெயர் போனால் அக்கா போய்விடுவாள். அரை மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். துடிப்பு தன் வழிக்கு வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய், வெயில் கொஞ்சம் அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு டயாலிசிஸ். மாமாவுக்கு வியாழன் தவிர மற்ற நாள்களில் ஆலையில் பகல் வேலை என்பதால் செவ்வாயும் சனியும் என் பொறுப்பு. படுத்துக்கொண்டே தன் எடையைக் குறித்துக்கொள்ள ஒரு தாள் கேட்டாள். யோசிக்காமல் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஊசி குத்தாத வலது கையால் வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டியவள், நடுவில் நிறுத்தினாள். சட்டையைக் கவிழ்த்துப் போட்டு உள்தையலைப் பார்க்கிற அதே பார்வை. ஒரு பக்கம் முன்னால் போனாள், இரண்டு பக்கம் பின்னால் போனாள்.

"என்னடா இது?"

"நடைதான்."

"முதல் வாரத்தை விட்டா எல்லாம் ஞாயித்துக்கிழமை தேதியாவே இருக்கே. மத்த நாள்?"

"மத்த நாள் சேரும். ஞாயித்துக்கிழமை மொத்தமா தீத்துடுவேன்."

அவள் குறிப்பேட்டை மூடினாள். இயந்திரத்தின் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ரத்தக் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்த செவிலியரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், எனக்கு இனிமே வாரத்துல மூணு நாள் வர முடியாது போலிருக்கு, வேலை ஜாஸ்தி. மூணு நாளையும் சேத்து ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி நேரம் ஒரே மூச்சா ஓட்டிடலாமா?"

செவிலியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமா ஓட்டலாம்மா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்க இருந்தா."

மூன்று கட்டில்களில் சிரிப்பு எழுந்தது. அந்த வார்டில் இந்த மாதிரி நகைச்சுவைதான் செல்லும். எதிர்க் கட்டிலில் இருந்த ஓட்டுநர் ஒருவர், அப்படியே மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துவிட்டால் பெட்ரோலாவது மிச்சம் என்றார். நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் கிட்னி எனக்கு வேணும்டா. கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா வேணும். இந்த ஊசிய இன்னும் எத்தனை நாள் தாங்குவேன்னு தெரியல. அதுக்காக உன்னைப் பாதி உசுரா ஆக்கிட்டு நான் எழுந்து நடமாடணுமா? உன் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

என் விரல் மணிக்கட்டு நாடிக்குப் போனது.

"இன்னும் ஏதோ இருக்கு. உன் முழியே சரியில்ல. என்ன?"

பேட்டரிக் கடைப் படியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே எழுந்துவிட்டேன், உட்கார்ந்தபடி அதைச் சொல்ல முடியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்றாள். சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றேன். எடுத்தால் எடுக்கட்டும் என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

வார்டிலிருந்து மருத்துவர் அறைக்கு ஒரு தாழ்வாரம்தான். அதை மூன்று முறை போய் வந்தேன். மூன்றாவது முறை கதவு தானாகத் திறந்து, அவரே வெளியே வந்துவிட்டார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டவில்லை, என்னை அப்படியே படுக்கவைத்து மார்பில் கம்பிகளை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார். அன்றே எக்கோவும் ரத்தப் பரிசோதனையும். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியையும் கட்டி அனுப்பினார். அந்த ஒரு நாள் நான் பட்ட பாட்டை அந்தக் கருவி பதிவு செய்திருந்தால் தாளே போதாமல் போயிருக்கும்.

நல்லவேளை, இதயத்தில் சேதம் எதுவும் இல்லை. அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டு அவர் சொன்னது இன்றும் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஒரு தடவை நடந்தா பிரஷர் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம் கிட்டத்தட்ட ஒரு நாள் நிக்கும், அவ்வளவுதான். அது கரையறதுக்குள்ள அடுத்த நடை போய்ச் சேரணும். நீங்க ஒரு நாள் ஏத்திட்டு ஆறு நாள் கரைய விட்டிருக்கீங்க. பழக்கமில்லாத உடம்பை மூணு மணி நேரம் வெயில்ல விரட்டினதுக்கு வேற ஆளா இருந்தா இந்நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவுல பார்த்திருப்பேன்."

என் பெயரை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றார். உடம்பு வாகு அப்படி என்று நான் நினைத்தது தப்பு, நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்றார். ஆனால் பழைய ஏழு வாரம் செல்லாது. முதலிலிருந்து பன்னிரண்டு வாரம், நாள்வாரி விவரத்தோடு.

அக்காவின் கை அதுவரை தாங்குமா என்று கேட்டேன். அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றார். அந்த ஏழு வாரத்தை நான்தான் தொலைத்திருந்தேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத் திருப்பித் தரப் போவதில்லை.

மறுநாள் காலையிலிருந்து நடந்தேன். முதல் இரண்டு வாரம் பதினைந்து நிமிடம், பிறகு இருபது, பிறகு முப்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி. பேசலாம், ஆனால் பாட முடியாது, அந்த வேகம். நான் எந்த நாளும் பாடியவன் இல்லை என்பதால் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்துக்கொண்டேன். செவ்வாய், சனிக்கிழமைகளில் அக்கா கட்டிலில் இருக்கும்போது மருத்துவமனையின் சாய்தளத்தில் ஏறி இறங்கினேன். தள்ளுவண்டிக்காரர்கள் முதலில் வழிவிட்டார்கள், பிறகு திட்டினார்கள், கடைசியில் நேரம் கேட்டார்கள். மழை பெய்த நாள்களில் வீட்டுக்குள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தேன். மூன்றாவது நாள் என் மனைவி, "நடக்கிறதுதான் நடக்கிறீங்க, கையில துடைப்பத்தையாவது வெச்சுக்குங்க" என்றாள்.

மாதக் கடைசி வந்தது. வேலை நாளின் முடிவில் மேஜையின் இடப்பக்கம் பதினாறு மனுக்கள் மீதியிருந்தன. காலையில் மழையால் பத்து நிமிடம்தான் நடந்திருந்தேன். பாக்கி இருபது நிமிடமா, பதினாறு மனுவா என்று நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். எழுந்து போய்விட்டேன். பட்டியலில் '16' என்று எழுதியதைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். சரியாகிக்கொண்டிருக்கிறது சார் என்றேன்.

ஐந்தாவது வாரம் நூற்று நாற்பத்தாறு. ஏழாவது வாரம் நூற்று முப்பத்தெட்டு. உட்கார்ந்திருக்கும்போது நாடி எழுபதுக்கு வந்துவிட்டது. மனம் மட்டும் இறங்குவதாக இல்லை.

ஒன்பதாவது வாரத்தில் அக்காவின் கை மறுபடி அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை திறக்க முடியவில்லை. கழுத்தில் ஒரு குழாயைச் செருகி அதன் வழியாக டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்துக் குழாயில் கிருமி புகுந்தால் நேரே ரத்தத்துக்குத்தான் போகும். எத்தனை நாள் ஓடுமோ என்று மாமா போனில் அழுதார். "மாப்ளே, சீக்கிரம் ஏதாவது பண்ணுடா" என்றார். போனை வைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் முப்பது நிமிடம் முடித்திருந்தேன். ஆனாலும் செருப்பை மாட்டினேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடந்து, மிச்சமிருந்த மூன்று வாரத்தையும் இன்றே முடித்துவிட வேண்டும் போலிருந்தது.

என் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டாள். வழிவிடச் சொன்னேன். விடவில்லை.

"இன்னிக்குள்ளது முடிஞ்சுது. செருப்பைக் கழட்டுங்க."

"அங்க அக்கா கழுத்துல குழாயோட கெடக்குறா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். உங்க காலு எங்க போகணும்னு துடிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலைல துடிக்கட்டும்."

செருப்பைக் கழற்றினேன். அந்த மாலை முழுவதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் பன்னிரண்டு வாரத்திலும் நான் செய்த மிகக் கடினமான உடற்பயிற்சி. மறுநாள் காலை முப்பது நிமிடம் நடந்தேன். முப்பத்தொன்று இல்லை.

பன்னிரண்டாவது வாரம் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். மார்பில் கம்பிகளோடு, வேகம் கூடக் கூட, சாய்வு உயர உயர நடந்தேன். படி தவறும் அந்த உணர்வு எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வரவில்லை. பட்டையை ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு முறை அது உறுமிக்கொண்டு இறுக்க, வரிசையில் நின்ற மனுதாரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். சராசரி நூற்று இருபத்தாறு, எழுபத்தெட்டு.

மருத்துவர் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டார். தேதி குறித்தார்கள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். கழுத்தில் கட்டுடன் இருந்ததால் அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. குறிப்பேட்டைக் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போய், ஒரு திங்கட்கிழமையில் நிறுத்தினாள். அன்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காய்ச்சல் என்றேன். அடுத்த நாள் சேர்த்து நடந்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். கண்ணை மூடி, மூடிய கண்ணோடு சிரித்தாள்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை, முதுகில் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியோடு நான் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். படுக்கையில் என்னைக் காணாமல் செவிலியர் கழிப்பறை வரை தேடியிருக்கிறார். தள்ளுவண்டியோடு வந்து என்னை மடக்கினார்.

"சார், ஏறிப் படுங்க. உள்ள கூப்பிட்டாச்சு."

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு சிஸ்டர்."

"நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து எழுப்பி நடக்கவைப்பேன். அப்ப வலிக்குது, விட்டுடுங்கன்னு கெஞ்சுவீங்க. இப்ப ஏறுங்க."

ஏறிப் படுத்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அறுபத்தெட்டு என்று தாளில் எழுதினார். போர்வைக்கடியில் என் பாதங்கள் மட்டும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தன. வண்டி அக்காவின் அறையைக் கடந்தபோது அவள் வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். மாமா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டிருந்தார். அவள் போர்வையைப் பார்த்தாள்.

"காலை ஆட்டாமப் படுடா" என்றாள்.

ஆட்டாமல் படுக்கப் பார்த்தேன். லிஃப்ட் கதவு மூடும்வரை முடியவில்லை.